உப்புத்தாளியல்: மூலமும் உரையும்

கையால் செய்த கத்தியைக் கையாலேயே தேய்த்து முடிக்க எந்த உப்புத்தாள் காசுக்குத் தகும் என்னும் பொருளில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை நிகழ்ந்ததில்லை. நிகழ்ந்திருக்கிறதா என்று நான் தேடவில்லை. 'முன்னாய்வுகள் இல்லை' என்று எழுதுவதற்குத் தேட வேண்டியதில்லை என்பது நம் ஆய்வுலகில் வேரூன்றிய மரபு. ஆய்வுக்களம்: லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, அரத்தால் ராவி, காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கத்தியாக்கிய ஒருவர் ஹார்டுவேர் கடைக் கல்லாவின் முன் நின்று பர்ஸைத் திறக்கும் நேரம். கருதுகோள்: விலை குறைந்த தாளை வாங்குகிறவரே அதிகம் செலவழிக்கிறார். முடிவுரையும் இதுவே. நடுவில் வருபவை பக்கம் நிரப்ப.

வரலாறு சொல்லாமல் ஆய்வேடு தொடங்கினால் தேர்வாளர் கோபிப்பார். ஆகவே: 1833இல் லண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித் தூள் ஒட்டிய தாளைத் தொழிலாக்கினார். 1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் புறப்பட்டு சிலிக்கன் கார்பைடில் போய் இறங்கினார். 1902இல் மினசோட்டாவில் குருந்தக்கல் வெட்ட ஐவர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். வெட்டி எடுத்தபின் தெரிந்தது, அது குருந்தமே இல்லை. அந்த நிறுவனம்தான் பிற்பாடு 3எம் ஆயிற்று; 1921இல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தலைப்பே பிழையான ஓர் ஆய்வு இத்தனை உருப்படியாக முடிந்ததற்கு வேறு சான்று என் பார்வைக்கு வரவில்லை. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கூட்டுடன் சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியதால் இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பத்தி உண்டு. பத்தி முடிந்தது.

இனி வகைப்பாடு. மரத்துக்கான தாள்: கத்திக்கு ஆகாது. எமரித் துணி: துரு எடுக்கலாம். அலுமினியம் ஆக்சைடு: முரட்டு வேலைக்கு நிலைத்து உழைக்கும். சிலிக்கன் கார்பைடு, அதாவது பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டு வாங்கும் கறுப்புத் தாள்: இதன் துகள் உடையும்போது புதுக் கூர்முனை காட்டும், தோய்த்து இறுகிய எஃகையும் அறுக்கும். கத்திக்கு இதுவே சிறப்பு என்மனார் கடைக்காரர்.

இவ்வளவும் யாரும் சொல்லக்கூடியது. இவ்வாய்வின் பங்களிப்பு தாளின் முதுகில் அச்சிட்டிருக்கும் 'பி' என்ற எழுத்தைப் பற்றியது.

சில தாள்களில் 'பி 400' என்ற பாடம் காணப்படுகிறது; சிலவற்றில் வெறும் '400'. 'பி' இடைச்செருகல் என்பர் ஒரு சாரார் (கடைக்காரர், வாய்மொழி). அன்று, மூலத்தில் இருந்து பிற்காலத்தில் விடுபட்டது என்பர் பிறர் (கடைச்சீட்டு, பின்பக்கம், மங்கிய பென்சில், எண்ணெய்க் கறைக்கு மேல் இரண்டாம் வரி, சீட்டைத் தலைகீழாகப் பிடித்து வேறு பொருள் கொள்வாரும் உளர்). அரைத் தாள் கேட்போருக்குக் கடைக்காரர் நடுவில் கிழித்துத் தருகையில் 'பி' மறுபாதியோடு போய்விடும் என்பது மூன்றாம் கொள்கை, இதற்குச் சான்று கடைப் பையன் பீடி பற்றவைக்குமுன் கூறியதும் பற்றவைத்தபின் மறுத்ததும் (இரண்டையும் தனித்தனி மேற்கோளாக எண்ணுக, எண்ணிக்கை கூடும்). 'பி' என்பது 'பிரிமியம்' என்பதன் கடைக்குறை என்று கூறி விலையில் ஐந்து ரூபாய் ஏற்றுவாரும் உண்டு. அவ்வுரை பொருந்தாது, காசு மட்டும் போகும்.

உண்மை வேறு. 'பி' ஐரோப்பிய அளவுமுறையின் அடையாளம். எழுத்தில்லாத எண் பெரும்பாலும் பழைய அமெரிக்க முறை. 220 வரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அதற்கு மேல் பிரிந்துவிடும். பி 400இன் துகள் சராசரி 35 மைக்ரான். அமெரிக்க 400 சுமார் 23. பி 600 சுமார் 26. எனவே அமெரிக்க 400இல் தேய்த்துவிட்டு, அடுத்தது நைசு என்று நம்பி பி 600ஐ எடுப்பவர் சற்று முரட்டுத் தாளுக்குத் திரும்பிப் போகிறார், அதற்குக் காசும் கொடுக்கிறார். அமெரிக்க 600க்கு இணை வேண்டுமானால் பி 1200 வரை போக வேண்டும். கத்தியில் கீறல் மறையவில்லை என்று இரவெல்லாம் கையை நொந்துகொள்பவர் பலர் நொந்துகொள்ள வேண்டியது இந்த ஓரெழுத்தை. ஆகவே எந்த முறையானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்க. முடிந்தால் ஒரே கம்பெனித் தாளாக வாங்குக.

கடா: மலிவுத் தாளில் என்ன குறை? விடை: துகள்கள் ஒரே அளவில் இரா. நூறு துகள் நைசாக இருந்து ஒன்று பெருத்துவிட்டால், முடியும் தறுவாயில் குறுக்கே ஒரு கீறல் விழும். இரண்டு நம்பர் பின்னோக்கிப் போக வேண்டும். போதாக்குறைக்கு ஈரத்தில் பசை இளகித் துகள் உதிரும். உதிர்ந்தது தாளுக்கும் கத்திக்கும் நடுவே உருளும்.

அஃதற்றேல், மழுங்கிய 220ஐ 400ஆகக் கொள்ளலாகாதா? ஆகாது. மழுங்கிய தாள் அறுக்காது; தேய்த்த இடத்தைப் பளபளக்க மட்டும் செய்யும். அடியில் பழைய கீறல் அப்படியே இருக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு வேலை நடந்தது போலவும் இருக்கும். காசு கட்டினால் கட்டுரை போடும் ஆய்விதழ்கள் சிலவற்றை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தம். பெயர் சொல்லும் வழக்கமில்லை.

தேய்க்கும் முறை: ஒன்பதுக்குப் பதினொன்று அங்குலத் தாளை ஓரங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் பதினொன்று தேறும். தட்டையான இரும்புத் துண்டில் பட்டையைச் சுற்றிப் பிடித்து, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுக. முந்தைய கோடுகள் குறுக்காகத் தெரியும், அவை முழுதும் போனபின் அடுத்த நம்பர். இடையில் கத்தியையும் கையையும் கழுவுக. கடைசித் தேய்ப்பு ஒரே திசையில், பிடியிலிருந்து முனைக்கு, ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி. முன்னும் பின்னும் ஓட்டினால் திரும்புமிடத்தில் தூண்டில் முள் போலக் கோடு விழும். காய் நறுக்கும் கத்திக்கு 400 போதும். 2000 வரை போனால் பக்கத்து வீட்டுக்காரர் கைரேகையும் அதில் பதிவாகும். அர வடுவை எடுக்கும் 120, 220இல்தான் உழைப்பும் தாளும் கரைகின்றன. அங்கே தாராளமாக வாங்குக, மழுங்கியதும் யோசிக்காமல் எறிக. சிக்கனம் பிடித்தால் மேல் நம்பர்களை வாங்காமல் விடுக.

இவ்வேட்டைப் பார்த்த புறத்தேர்வாளர் 'பி' பற்றிய பகுதியைத் தனி அதிகாரமாக விரிக்கச் சொன்னார். தேய்க்கும் முறை பற்றிய பத்தி ஆய்வுநோக்கம் அற்றது, நீக்குக என்றார். கத்தி வெட்டுமா என்று நான் வாய்மொழித் தேர்வில் எழுப்பிய ஐயம் வேறு துறையைச் சார்ந்தது எனக் குறிப்பெழுதி, கையெழுத்திட்டுத் தந்தார்.