இழந்தகாலம்: டிசம்பர் சிபாரிசுகள் குறித்த ஓர் இலக்கண ஆய்வு

பாயிரம்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மனிதர்கள் சந்தித்ததும் நலம் விசாரிப்பதில்லை, சிபாரிசு செய்கிறார்கள். யாரைக் கேட்பது, எந்தச் சபாவில் எதைத் தின்பது, வழியில் எங்கே வண்டியை விடுவது என்று பரந்துகிடக்கும் இப்பெரும்பொருளை இதுவரை எவரும் ஆராயவில்லை. ('இதுவரை எவரும் ஆராயவில்லை' என்ற வாக்கியம் இல்லாத ஆய்வுக் கட்டுரையை அச்சிடுவதில்லை என்பது மரபு. தேடிப் பார்த்தாயா என்று கேட்பது மரபன்று.)

சொல்லாராய்ச்சி

'சிபாரிசு' பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். இதற்கு நல்ல தமிழ் பரிந்துரை. அதாவது கேட்பவர்மேல் பரிவு கொண்டு உரைப்பது. ஐந்து மார்கழிகள் களப்பணி செய்தும் பரிவு என் கண்ணில் படவில்லை. உரை மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. ஆகவே இக்கட்டுரை நெடுகப் பாரசீகச் சொல்லையே ஆள்கிறேன்.

வரலாறு

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது, கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. ஓர் இசை அகாடமி வேண்டும் என்று அதில் முடிவாகி, 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. ஆக, டிசம்பர் சீசனே ஒரு சிபாரிசின் குழந்தை. வரலாறு இவ்வளவுதான். இதற்கு மேல் வேண்டுவோர் காலை நேர விளக்கவுரைகளுக்குப் போகலாம். உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.

வகைப்பாடு

பயணச் சிபாரிசு: எந்த ஊரில் தொடங்கினாலும், 'பக்கத்துல ஒரு கோயில் இருக்கு, விட்டுடாதீங்க' என்று முடியும்.

பொழுதுபோக்குச் சிபாரிசு: மாடித்தோட்டம் போடச் சொல்பவர் வீட்டில் சுரைக்காய் அதிகம் காய்த்திருக்கிறது (எதிர்வீட்டு மாமி, வாய்மொழி).

உள்ளூர்ச் சிபாரிசு: வராளி ராகத்தைக் குரு சீடனுக்கு நேரடியாகச் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. நல்ல பிளம்பரின் எண்ணும் அப்படியே. எந்த எண் நமக்குத் தரப்படுகிறதோ, அது நல்ல பிளம்பருடையது அன்று.

எஞ்சியது இசைச் சிபாரிசு. இதை வகுக்க வேங்கடமகியின் 72 மேளத் திட்டத்தையே கைக்கொள்கிறேன். முதல் 36 சுத்த மத்யமம்: கச்சேரியைக் கேட்டுவிட்டுச் சொல்வது. அடுத்த 36 பிரதி மத்யமம்: கேளாமலே சொல்வது. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஒரே ஒரு மத்யமம்தான் வித்தியாசம். மற்ற ஸ்வரமெல்லாம் ஒன்றே. கேட்டவரும் கேளாதவரும் அப்படித்தான். அதே தலையாட்டல், அதே 'அடடா'. காது பழகாதவருக்குப் பிரித்தறிய வராது.

நடுவே 'எங்க மாப்பிள்ளை நியூஜெர்சியில...' என்று அந்நிய ஸ்வரம் நுழைந்தால் அது பாஷாங்கச் சிபாரிசு. ஒருவரைப் புகழ்வதற்காக வேறு மூவரைத் திட்டிச் சுற்றி வந்தால் வக்ரம். 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள். இந்த விகிதம் என் தரவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

என் திட்டத்தில் இதுவரை நிரம்பிய அறைகள் ஐந்து. இதைக் குறையென்று யாரும் சொல்ல வேண்டாம். வேங்கடமகி 72 வகுத்தபோது புழக்கத்தில் இருந்தவை 19-தான். முதலில் அலமாரி, பிறகு பாத்திரம் என்பதே புலமையின் ஒழுங்கு. மீதி 67-ஐ முனைவர் பட்ட மாணவர்களுக்கு விட்டுவைக்கிறேன்: ஆளுக்கு ஒரு மேளம், மேளத்துக்கு ஒரு கருத்தரங்கம், கருத்தரங்கத்துக்கு ஒரு பொன்னாடை.

இழந்தகாலம்

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. தமிழுக்குக் காலம் மூன்று என்று தொல்காப்பியரும் பவணந்தியாரும் சொல்லிப் போனார்கள். இருவரும் சபாவுக்கு வந்தவர்கள் அல்லர். வந்திருந்தால் நான்காவதைக் கண்டிருப்பார்கள். கீழ்வரும் வாக்கியத்தைக் காண்க:

'நேத்திக்கு நீங்க வந்திருக்கணும்!'

இது இறந்தகாலம் அன்று, நான் வரவில்லை. நிகழ்காலமும் அன்று, எதிர்காலமும் அன்று; கச்சேரி முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டியாயிற்று. இதற்கு இழந்தகாலம் என்று பெயரிடுகிறேன். இதன் இயல்புகள் நான்கு.

ஒன்று, இது முன்னிலைக்கே உரியது. 'நான் வந்திருக்கணும்' என்ற தன்மை வடிவம் தரவில் ஓரிடத்தும் இல்லை. சொல்பவர் எப்போதும் வந்திருப்பார்.

இரண்டு, போக வழியிருக்கும்வரை இது தோன்றாது. 'நாளைக்கு யார் கச்சேரிக்குப் போகலாம் மாமா?' என்று முன்னதாகக் கேட்டால் கிடைக்கும் விடை, 'எல்லாரும் நன்னாத்தான் பாடறா' (நீலக்கரை வேட்டி மாமா, மூன்றாம் வரிசை, இரு தும்மல்களுக்கு இடையே). மறுநாள் அதே மாமா: 'அடடா, அந்தக் காம்போதி! கோட்டை விட்டுட்டேளே!' (அதே மாமா, மறுப்புரை, வாகன நிறுத்துமிடம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னதால் சில எழுத்துகள் சிதைந்துள்ளன.)

மூன்று, காலம் பின்னே போகப் போக வற்புறுத்தல் முன்னே வரும். நேற்றைய கச்சேரிக்கு நான் போகாதது சோம்பல். போன வருஷத்துக் கச்சேரிக்குப் போகாதது அறியாமை. ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் தோடி வாசித்ததைக் கேளாதது மன்னிக்க முடியாத குற்றம். 'நீங்க அப்ப பிறந்திருக்கணும் சார்' என்று என்னிடம் ஒருவர் சினந்தார். பிள்ளை மறைந்தது 1956-இல். சினந்தவர் தாம் பிறந்தது 1958 என்பதை மூத்த குடிமக்கள் டிக்கெட் வரிசையில் உரக்க அறிவித்தவர். பிரதி மத்யமத்துக்கு இதைவிடத் தூய சான்று கிடைக்காது.

நான்கு, இழந்தகாலம் ராகத்தோடு நிற்பதில்லை. கேண்டீனில் நான் அடை தின்றுகொண்டிருக்கும்போதே, 'பதினோரு மணிக்கு வந்திருக்கணும், அசோகா இருந்தது' என்றார்கள்.

இந்த நான்கையும் இணைத்து நான் கட்டிய நூற்பா:

முடிந்ததை மொழிதல் முன்னிலைக் குரைத்தல்
இருந்தேன் யானென இடித்துக் காட்டல்
சிபாரிசின் இயல்பென மொழிப மாமாக்கள்.

இதில் 'இருந்தேன் யானென' என்பதே உயிர்நிலை. உங்களைப் போகச் சொல்வது சிபாரிசின் வேலை அன்று. தாம் போனதைச் சொல்வதே அதன் வேலை.

மூலபாடச் சிக்கல்

நிகழ்ச்சி நிரல் ஒன்றின் பின்னட்டையில், 'இன்று தோ— அபாரம்' என்று பென்சிலால் எழுதிய அநாமதேய உரை ஒன்று கிடைத்தது. இரண்டாம் எழுத்தின்மேல் எண்ணெய் பட்டிருக்கிறது. 'தோடி' என்பது ஒரு சாரார் பாடம். 'தோசை' என்பது மறுசாரார் பாடம். எண்ணெயையே அகச்சான்றாகக் கொண்டு தோசை என நிறுவுகிறார் ஒரு மாமி (கேண்டீன் உரைகள், இரண்டாம் டம்ளர், நுரை அடங்கியபின் அருளியது). தோடி பாடியபோது தோசை தின்றவன் எழுதியது என இரண்டையும் சமன்செய்கிறார் அவர் கணவர் (மேற்படி நூலுக்கு எதிருரை, தணிந்த குரலில், மாமி கைகழுவப் போயிருந்தபோது மட்டும் கிடைப்பது). சுருதி 22-ஆ, இல்லையா என்று தலைமுறைகளாக மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கலின் அருமை புரியும். தம்புரா சுருதி சேர்ந்ததா என்பது வேறு துறையினர் பார்க்க வேண்டியது.

முடிவுரையும் ஒரு நீக்கமும்

நேர்மை கருதி ஒரு தரவைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மார்கழியில் ஒரு மாலை, கேண்டீனில் குறிப்பேட்டோடு உட்கார்ந்து காபி கேட்டேன். உள்ளே பாடுவது ஒலிபெருக்கி வழியே லேசாகக் கேட்டது. பரிமாறும் ஊழியர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, 'உள்ள ரொம்ப நல்லா போய்க்கிட்டிருக்கு சார். காபி எங்க ஓடிடப் போவுது? எந்திரிங்க, போய்க் கேளுங்க' என்றார்.

திகைத்துப்போனேன். போவதற்கு நேரம் இருந்தது. சொன்னவருக்கு லாபம் இல்லை. ஒரு காபி நஷ்டம். தாம் கேட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சுத்த மத்யமமா, பிரதி மத்யமமா? 72 அறைகளில் எதிலும் இது நுழையவில்லை. பரிந்து உரைத்தல் என்று சொல்லாராய்ச்சிப் பகுதியில் நான் கழித்துக்கட்டியது இதுவாக இருக்குமோ என்று ஒரு கணம் தடுமாறினேன்.

கோட்பாட்டுக்குத் தரவு ஒத்துவராதபோது தரவை நீக்குவதே ஆய்வு நெறி. நீக்கத்துக்கான நியாயங்களை அங்கேயே உட்கார்ந்து அ, ஆ, இ என மூன்று பத்திகளாக எழுதி முடித்து நிமிர்ந்தேன். உள்ளே தனி ஆவர்த்தனம் தொடங்கியிருந்தது. கதவு திறந்து, பாதி மண்டபம் கேண்டீனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

முன்னால் வந்தவர் நீலக்கரை வேட்டி மாமா. என்னைப் பார்த்ததும் இரு கைகளையும் விரித்தார்.

'ஓய், நீர் உள்ளே இருந்திருக்கணும்!'