பட்டாளத்துக் கேள்விகள், பாலாற்றங்கரை பதில்கள்

(இந்த வாரம் கேள்விகள் எல்லாம் செவிலிமேட்டிலிருந்து. யாரோ ஒரு புண்ணியவான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்து எழுத வைத்திருக்கிறார்.)

கேள்வி: ஆஸ்திரேலியா என்றால் கிரிக்கெட்தான் ஞாபகம் வருகிறது. அவர்கள் பட்டாளத்துக்கும் நமக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா?
— கல்லூரி மாணவர்

பதில்: உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனை, நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகள் அருகே அடித்து முடித்தது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல். அடித்துவிட்டு ஓடியவன் பெயர் தமிழ்நாட்டில் நூறு வருஷம் நிலைத்தது. பிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. நம் சினிமா ரசனை அப்போதே அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. 1915 தொடக்கத்தில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், துருக்கியரோடு மோதிக்கொண்டிருந்தது இந்திய ராணுவம். விமானம் ஓட்ட ஆள் போதவில்லை என்று இந்திய அரசு ஆஸ்திரேலியாவிடம் கேட்டது. அவர்களிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு விமானிகளையும் சில மெக்கானிக்குகளையும் பம்பாய் வழியாக பாஸ்ராவுக்கு அனுப்பினார்கள். முழுப் படை என்று சொல்ல வெட்கப்பட்டோ என்னவோ, பெயரே 'ஹாஃப் ஃப்ளைட்'. ஆஸ்திரேலிய விமானப் பிரிவு ஒன்று போர்க்களம் கண்டது அதுதான் முதல் தடவை. கொடுக்கப்பட்ட மாரிஸ் ஃபார்மன் விமானங்களோ, பாலைவனக் காற்று வலுத்தால் முன்னே போவதற்குப் பதில் பின்னால் தள்ளப்படுகிற ரகம். ஜார்ஜ் மெர்ஸ் என்ற விமானி படிப்பால் டாக்டர். 1915 ஜூலை 30 அன்று எஞ்சின் பழுதாகிப் பாலைவனத்தில் இறங்கி, அங்கே கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் கூட் நகரம் சரணடைந்தபோது ஒன்பது ஆஸ்திரேலிய மெக்கானிக்குகள் கைதானார்கள். ஊர் திரும்பியவர்கள் இரண்டே பேர்.

கேள்வி: பட்டு நெய்கிற ஊருக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் ஐயா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: ஆசிரியராக இருந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? வண்டியை எடுத்துக்கொண்டு புள்ளலூர் வரை போய் வாருங்கள். மகேந்திரவர்ம பல்லவனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிய களம் அது. ஆயிரம் வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் துவம்சம் செய்ததும் அங்கேதான். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டும் பீரங்கியும் விழ, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பிழைத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறைக்குப் போனார்கள். பெய்லி அங்கேயே இறந்தார்.

இதில் காஞ்சிபுரத்தின் பங்கு கொஞ்சம் சங்கடமானது. பெய்லியைக் காப்பாற்ற வேண்டிய சர் ஹெக்டர் மன்ரோ பெரிய படையோடு காஞ்சியில் உட்கார்ந்திருந்தார். சில மைல் தூரத்தில் சத்தம் கேட்கிறது, புகை தெரிகிறது. அவர் கிளம்பிப் போவதற்குள் கதை முடிந்துவிட்டது. பிறகு கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓட்டம். (எந்தக் குளம் என்று கேட்டு யாரும் கடப்பாரையோடு கிளம்ப வேண்டாம். ஏற்கெனவே மணலுக்காகத் தோண்டியதே போதும்.)

அடி வாங்கிய இருபதாவது நாள், செப்டம்பர் 30, சென்னையில் இரண்டு கம்பெனி 'பயனியர்'களைத் திரட்டினார்கள். பாதை வெட்ட, பாலம் கட்ட, பீரங்கி இழுக்க. இன்று பெங்களூரில் தலைமையகம் வைத்திருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கு அதுதான் பிறந்தநாள். ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'.

கேள்வி: வாலாஜாபாத் பெயரில் ஒரு பட்டாளமே இருக்கிறதாமே, உண்மையா? நான் தினம் அந்த பஸ்ஸில்தான் போகிறேன்.
— தனியார் கம்பெனி ஊழியர்

பதில்: உண்மை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படித்துக்கொண்டே போங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாலாஜாபாத் ஒரு ராணுவ முகாம். 1794இல் எழுப்பிய மெட்ராஸ் காலாட்படையின் 33ஆவது பட்டாலியன்தான் பின்னால் 'வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி' ஆனது. எண் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது, 33 போய் 83 வந்தது.

அப்புறம்தான் வினை. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்பது அவர் தீர்ப்பு. மைசூர், மராட்டியர், பர்மா என்று எல்லா யுத்தத்துக்கும் இதே ஆளைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு, நாட்டைப் பிடித்து முடித்ததும் வந்த ஞானம் இது. வடக்கிலிருந்து ஆள் எடுப்பது கூடியது, இங்கே குறைந்தது. 1920களில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சிக்கனம் என்று சொல்லிக் கலைத்தே விட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வாசலுக்கு வந்ததும் போர்க்குணம் திடீரென்று திரும்பிவிட்டது. சிப்பாய்க்கு அல்ல, ஆள் எடுக்கிற அதிகாரியின் பார்வையில். ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். இன்று 4ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் வாலாஜாபாத் நிற்கிறது. 1965 செப்டம்பரில் சியால்கோட் முனையில் மகாராஜ்கே கிராமத்தைப் பிடித்தது இந்தப் பட்டாலியன்தான். தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் எச்.எல். மேத்தாவுக்கு மகாவீர் சக்கரம். சியால்கோட் வரை போன பெயர், உங்கள் பஸ் போர்டில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: படை, எண் எல்லாம் இருக்கட்டும். நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லுங்கள்.
— இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்.

1944 ஜூன் 24, இத்தாலியில் மின்யானோ என்ற இடம். ஜெர்மானியர் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளை எடுக்கும் வேலை. கண்டுபிடிக்கும் கருவியோடு முன்னால் ஒரு லான்ஸ் நாயக், பின்னால் சுப்பிரமணியன், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். முன்னால் போனவர் கால் ஒரு வெடியை மிதித்தது. அந்த ரகம் மிதித்தவுடன் வெடிக்காது. உள்ளே திரி பற்றி, மேலே கிளம்பிச் சிதற ஏறக்குறைய நாலு வினாடி ஆகும். சாப்பர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அந்த நாலு வினாடியில் படுக்கலாம், ஓடலாம். சுப்பிரமணியன் பாய்ந்து வெடியின் மேலேயே விழுந்தார். வெடித்த வேகம் முழுவதும் அவர் உடம்போடு நின்றது. அவர் இறந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எதிரியின் நேரடித் தாக்குதல் இல்லாத இடத்தில் காட்டும் உச்சபட்ச வீரத்துக்கு பிரிட்டிஷ் அரசு தருகிற விருது. அவர் பெயரை இத்தாலியில் சாங்ரோ ஆற்றுப் போர் நினைவிடத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போது நாலு வரை நிதானமாக எண்ணிக் காட்டுங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். யோசிக்க நிறைய நேரம்.

கேள்வி: தாத்தா யுத்த நிதிக்குப் பணம் கொடுத்ததாக அப்பா சொல்வார். அந்தப் பணம் எங்கே போனது?
— கைத்தறி நெசவாளர்

பதில்: ஆகாசத்துக்கு. 1940 ஜூனில் கவர்னர் ஆர்தர் ஹோப் யுத்த நிதி தொடங்கினார். அடுத்த ஜனவரி முடிவதற்குள் 85 லட்ச ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. நன்றிக்கடனாக ராயல் விமானப் படை தன் ஸ்குவாட்ரன்களுக்கு நம் மாகாணத்தின் பெயரைச் சூட்டியது. 79ஆவதும் 264ஆவதும் 'மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்'கள்.

264இன் கதை பரிதாபம். டிஃபயன்ட் என்ற விமானம், துப்பாக்கியை முதுகுப் பக்கம் வைத்தது. 1940 மே 29 அன்று டன்கர்க் மேலே ஒரே நாளில் முப்பதுக்கு மேல் ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்டுக்குள் ஜெர்மானியர் சூட்சுமத்தைப் பிடித்து, துப்பாக்கி இல்லாத முன்பக்கமாக வந்து அடித்தார்கள். அடி தாங்காமல் இரவுப் பறப்புக்கு மாற்றிவிட்டார்கள். 79 ஹரிகேனில் இங்கிலாந்தைக் காத்துவிட்டு இந்தியாவுக்கே வந்து, பர்மா வானத்தில் யுத்தத்தை முடித்தது. பெயர் வைத்த வீட்டுக்கு ஒரு நடை வந்து தலைகாட்டிய மாதிரி.

தாத்தா மனமுவந்து கொடுத்தாரா, தாசில்தார் முகத்துக்காகக் கொடுத்தாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

கேள்வி: மொட்டை மாடியில் வடாம் காய வைக்கும்போது சில நாள் பெரிய விமானம் ஒன்று தாழப் போகிறது. அது யாருடையது?
— இல்லத்தரசி

பதில்: அரக்கோணத்துப் பிள்ளையாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமானத் தளம்தான் 1992இல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது. அங்கிருக்கும் 312ஆவது ஸ்குவாட்ரன், ரஷ்ய டி.யு.-142 விமானங்களை 2017 வரை ஓட்டிவிட்டு இப்போது பி-8ஐ வைத்திருக்கிறது. நீர்மூழ்கியைத் தேடுவது வேலை. 2022இல் இதே விமானங்கள் டார்வின் வரை போய் ஆஸ்திரேலிய விமானப் படையோடு பயிற்சி செய்துவிட்டு வந்தன. 1915இல் விமானி கேட்டுக் கடிதம் போட்டோம், இப்போது விமானத்தையே அனுப்புகிறோம். வடாமுக்கு ஆபத்தில்லை, அது காக்காயால் மட்டும்தான்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் பட்டாளத்தில் இருந்தீர்களா?
— பெயர் போட விரும்பாதவர்

பதில்: என்.சி.சி.யில் இருந்தேன். பூரிக்கிழங்குக்காக.

கேள்வி: எங்கள் செவிலிமேட்டிலேயே ஏதாவது ராணுவ நடவடிக்கை நடந்தது உண்டா?
— பாலாற்றுப் பாலத்தருகே டீக்கடை நடத்துபவர்

பதில்: உங்கள் பாலத்தைத் தாண்டிப் போனால் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று ஐர் கூட் பிரெஞ்சுக்காரன் லாலியை முறியடித்தது அங்கே. செவிலிமேட்டில் என்று கேட்டால், ராமானுஜரின் சரித்திரத்தில் வருகிற ஒன்று உண்டு. விந்திய மலைக் காட்டில், உயிருக்கு ஆபத்தான நிலையில் தனியாக நின்ற ஓர் இளைஞரை, வேடனும் வேடுவச்சியுமாக மாறுவேடத்தில் வந்த இருவர் மீட்டு, ஒரே ராத்திரியில் உங்கள் சாலைக்கிணற்றடியில் கொண்டுவந்து விட்டார்கள். கூலி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். வேவு, மாறுவேடம், மீட்பு, திரும்பல், சேதம் இல்லை. எந்த ராணுவக் கல்லூரியும் முழு மார்க் போடும்.