தொட்டால்தான் ஆட்டம்

கேள்வி: விளையாட்டால் சமூக நீதி வருமா? ஒருவர் ஜெயித்தால் ஊரே மாறிவிடுமா?

பதில்: ஒருவர் ஜெயிப்பதால் வராது, எல்லோரையும் ஆடவிட்டால் வரும். மைசூரு மாவட்டம் குருபூரின் விவசாயக் குடும்பத்துப் பெண் சைத்ரா, 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார். இறுதியில் நேபாளத்தை 78-40 என வீழ்த்தினார்கள். இந்த ஆட்டத்துக்கு வேண்டியது இரண்டு கம்பமும் கொஞ்சம் மண்ணும்தான். உட்கார்ந்திருப்பவர் முதுகில் தட்டி 'கோ' சொன்னால்தான் அவர் எழுந்து துரத்தலாம். தீண்டாமை பார்ப்பவர் இதை ஆடவே முடியாது. பள்ளியில் எல்லோரையும் ஆடவிடச் சொன்னால், "படிப்பு கெடுமே" என்பார்கள் சிலர். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்த்தால், வசதியான பிள்ளை பணம் கட்டி வெளியே ஆடப் போகும்; இழப்பது ஏழைப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை. அந்த பீரியடை விட்டுக்கொடுக்காதீர்கள்.