நல்ல கிருமி வாங்கலையோ!

விடியுமுன் கம்பத்தில் ஜீப்பேறி வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் மடியில் தூக்குவாளி இருக்கும். உள்ளே பழைய சோறு, உரித்த சின்ன வெங்காயம். நேற்றுவரை அது இல்லாதப்பட்டவர் கஞ்சி. இன்று மண்சட்டியில் ஊற்றி, 'புரோபயாடிக் காலை உணவு' என்று பலகை மாட்டினால் பைபாஸில் கார் நிற்கிறது. சோறு அதேதான், சட்டிக்குத்தான் காசு.

பழைய சோற்றில் உயிருள்ள பாக்டீரியா உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் புரோபயாடிக் என்று சொல்ல, போதிய அளவில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே வரையறுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு, தண்ணீருக்குத் தண்ணீர் மாறும் சோற்றில் யார் எண்ணிப் பார்த்தார்கள்? யூடியூப் வைத்திய சிகாமணிகளோ சர்க்கரையில் தொடங்கிப் புற்றுநோய் வரை ஓட ஓட விரட்டுகிறார்கள். பசியாற்றும், வெயிலுக்குத் தாங்கும் என்றால் போதாதா, சாமிகளா? பெருமை பேசத்தான் வேண்டுமென்றால் அந்தப் பெண்களின் கூலியைப் பற்றிப் பேசுங்களேன்.

இந்தக் கூத்தையாவது சிரித்துக் கடக்கலாம். மருந்துக்கடையில் நடப்பதற்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, பிள்ளைக்கு ராத்திரியிலருந்து வகுத்தால போகுது."

"இந்தாங்கக்கா. இது நாலு வேளைக்கு. வகுத்தக் கெடுத்துரக் கூடாதுல்ல, அதுக்கு இந்த கேப்சூல்."

மருத்துவர் சீட்டு? கேட்கவே இல்லை. அவர் கொடுத்த செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்கைச் சீட்டுப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று 2014 முதல் சட்டம். கல்லாவுக்கு அடியில் கிடக்கும் அந்தப் பதிவேட்டில்தான் கிருமி செழிப்பாக வளர்கிறது. போதாக்குறைக்கு, கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கையும் 'நல்ல கிருமி'யான லாக்டோபாசில்லஸையும் ஒரே மாத்திரையில் சேர்த்தே விற்கிறார்கள். திருடனையும் போலீஸையும் ஒரே அறையில் பூட்டிவிட்டு, ஊர் பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள். சில அட்டைகளில் 'லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜெனஸ்' என்றிருக்கும். நுண்ணுயிரியலில் செல்லாத பெயர். உள்ளே இருப்பது பாசில்லஸ் கோயாகுலன்ஸ். கிருமிக்கும் பினாமி!

எல்லாமே புரட்டு என்று சொல்லவில்லை. ஒடிசாவில் பச்சிளங் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்றையும் சாவையும் சேர்த்து எண்ணினால் குறைந்ததாக 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அது எண்ணி, எடைபோட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கண்காணித்துச் செய்த வேலை. நம்மூர்க் கல்லாவில் "வகுத்துக்கு நல்லது" என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோகிறது.

வயிற்றுப்போக்குக்கு அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது உப்பு–சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். காசில்லாமல் கிடைப்பதுதான் அதன் குற்றம். அதை வாங்கிப் போங்கள் என்று சொன்னால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்?