எழுபது வளைவில் சுற்றாத தலை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுற்றாத தலை, சிங்கப்பூரில் ஒரு கொரிய உணவகத்தின் பில்லில் சுற்றியது. கொரியாவில் கிம்ச்சி வகையறாத் தொட்டுக்கைகளைக் கேட்கக் கேட்கச் சும்மா வைப்பார்கள், நம்மூர் சாம்பார் மாதிரி. இங்கே இரண்டாம் கிண்ணத்துக்குக் காசு. அதுகூடப் போகட்டும். ‘ஜப்கொக்பாப்’ என்றொரு பலதானியச் சோறு வந்தது. ஆரோக்கியமாம், அதனால் கூடுதல் விலையாம். கிளறினால், மஞ்சளாய் நம்ம தினை! அரிசிக்கு வழியில்லாத நாளில் ஆயா ஆக்கிப் போட்டது.

ஊருக்குப் போன் போட்டேன்.

“எவ்வளவு சாமி வாங்குனான்?”

சொன்னேன். சற்று மௌனம்.

“குதிருல ரெண்டு மூட்டை கெடக்குது. வேணுமான்னு அவனக் கேளு கண்ணு.”