மாப்பிள்ளைக்கு ஒரு குதிரைத் துப்பாக்கி

வாங்க மாப்ளே. செருப்பை உள்ள தள்ளி விடுங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும். பேத்தி போன்ல எல்லாம் சொல்லிட்டா. ஸ்ரீரங்கத்து வீட்டுல காத்து வர்றதே ஒரு ஜன்னல். அதையும் மறைச்சு கண்ணாடி பீரோ வச்சிருக்கீங்களாம். உள்ளாற வெள்ளைக்காரத் துரையோட தண்ணிக் குடுவை, தோல் வாரு, பித்தளைக் குப்பி. இப்ப குதிரைப் பட்டாளத்துக் கார்பைன் ஒண்ணுக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சாம். தப்பே இல்ல. துப்பாக்கி வந்துட்டா குதிரையும் வந்துதானே ஆகணும்? புல்லுக்கட்டு நம்ம நொச்சியத்துலேருந்து அனுப்புறேன். மாப்பிள்ளைங்கறதால காசைக் கையில குடுத்தாப் போதும்.

சிரிக்காதீங்க, நானும் ஒரு காலத்துல பழசு வாங்கினவன்தான். கிளைவ் துரை கையில வச்சிருந்த தூரக்கண்ணாடின்னு ஒருத்தன் கொண்டாந்தான். ரெண்டு மூட்டை பொன்னி வித்த காசு அதுக்கே போச்சு. மொட்டை மாடியில ஏறி மலைக்கோட்டையைப் பாத்தேன், புகை மூட்டமாத் தெரிஞ்சுது. கழட்டித் துடைக்கலாம்னு பாத்தா, வளையத்துல நாலு குட்டித் திருகாணி. ஒவ்வொண்ணு தலையிலயும் கூட்டல் குறி! அந்தத் திருகாணிக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினதே 1930-கள்லதான். கிளைவ் 1774-லயே போய்ச் சேந்துட்டாரு. கண்ணாடியை எடுத்துட்டு உங்க பாட்டி அதை வச்சுப் பத்து வருசம் அடுப்பு ஊதினா. நல்லாத்தான் ஊதிச்சு.

நெசமான கிளைவ் சாமான் வேணுமா? 1752-ல சமயபுரத்துல ராத்திரி அந்த ஆளு படுத்திருந்தப்ப பிரெஞ்சுக்காரப் பட்டாளம் திடீர்னு வந்து சுட்டுச்சு. ஒரு குண்டு காலடியில இருந்த பெட்டியை நொறுக்கிடுச்சு, பக்கத்துல கிடந்த வேலைக்காரன் செத்தான். துரைக்கு ஒரு கீறல் இல்ல. நீங்க தைப்பூசத்துக்கும் பூச்சொரிதலுக்கும் போற அதே சமயபுரம்தான். ரெண்டு மாசத்துல, ஸ்ரீரங்கத்துத் தீவுல கோயிலுக்குள்ள பதுங்கியிருந்த பிரெஞ்சுக்காரன் சரணாகதி. அந்தப் பெட்டிப் பலகைன்னு எவனாவது கொண்டாந்தா எனக்கும் ஒரு துண்டு வாங்குங்க, மாட்டுக்கு முளையடிக்க ஆகும்.

சரி, கார்பைனுக்கு வருவோம். குதிரைமேல உக்காந்து நீளத் துப்பாக்கியில மருந்து கெட்டிக்க முடியாதுன்னுதான் குட்டையாச் செஞ்சான். அதுல பேஜட்னு ஒரு ரகம், அதுக்குக் குழல் 16 அங்குலம்தான். கெட்டிக்கிற கம்பி கை நழுவிக் கீழ விழாம இருக்க ஒரு கொண்டி போட்டு முனையிலயே பூட்டியிருப்பான். அந்தக் கொண்டியை ஆட்டிப் பாருங்க. நம்ம நாட்டுலயே அச்சு அசலாப் புதுசு செஞ்சு கப்பல்ல அனுப்புறாங்க. அதுல பலதுல குழலுக்கு நெருப்புப் போற துளையே போட்டிருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரையையும் பாருங்க. மொதல்ல இதயம் மாதிரி ஒண்ணு பொறிச்சான், 1808 வாக்குல அதை மாத்தி நிமுந்து நிக்கிற சிங்கமாக்கினான். பேஜட்டே அந்த வாக்குலதான் வந்தது. அதுல இதயம் இருந்தா, வாங்குற உங்க இதயத்தைக் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்குங்க.

கொஞ்சம் பிந்தின துப்பாக்கின்னா டார்ச் அடிச்சுக் குழலுக்குள்ள பாருங்க. வெள்ளைச் சிப்பாய்க்குக் குடுத்ததுல உள்ள புரி சுத்தியிருக்கும், குண்டு நேரா தூரமாப் போவும். 1857 கலகத்துக்கு அப்புறம் நம்ம சிப்பாய்க்குன்னு புரியில்லாத வழவழக் குழலாச் செஞ்சு குடுத்தான். கையில ஆயுதமும் குடுக்கணும், அது தூரமாவும் சுடக்கூடாது. என்னா மூளை! உங்க பீரோவுல இருக்கிற தோல் வாரும் லண்டன் சரக்குன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல திருச்சி சேணமும் சுருட்டும் பேர் போனது. துரை தலைமேல கவுத்த தொப்பிக்குள்ள இருந்ததும் நம்ம ஏரி நெட்டிதான்.

எனக்கு ஒரு வயித்தெரிச்சல் மட்டும் உண்டு. தஞ்சாவூர் மராட்டிய ராசா 1855-ல ஆண் வாரிசு இல்லாமச் செத்தாரு. அரண்மனை ஆயுதசாலையில குவிஞ்சு கிடந்த கத்தி, கட்டாரி எல்லாத்தையும் வெள்ளைக்காரன் வாரினான். கொஞ்சம் நல்லதாப் பொறுக்கி வச்சுக்கிட்டு, மிச்சத்தை ஒடைச்சு இரும்பு விலைக்குத் தள்ளினான். நம்ம கட்டாரி எடைக்கு எடை. அவன் துருப்புடிச்ச குழலு நமக்கு லட்சம். யாவாரம் எப்படி, பாத்தீங்களா?

கடைக்காரன் "ஆன்டிக் சார், லைசென்ஸ் வேணாம்"னு சொல்லியிருப்பான். அவன் சொல்றதுல பாதி நெசம். 1959 ஆயுதச் சட்டத்துல பழம்பொருளுக்கு விலக்கு இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாததா இருக்கணும். சுடுற நிலையில இருந்தா உங்க பீரோ போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கும், நீங்களும் பக்கத்துலயே இருப்பீங்க. அமெரிக்காவுல இருக்கிற தம்பிக்கு அனுப்பலாம்னும் பாக்காதீங்க. நூறு வருசம் தாண்டினதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு 1972-லேயே சட்டம் போட்டாச்சு.

நாவல்பட்டுப் பக்கம் 1966-லேருந்து துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுது. ட்ரைகான்னு கார்பைன் செய்யிறான், திருச்சி கார்பைன்னே பேரு. உள்ளூருல புதுசு செய்யிறவன் இருக்க, எவனோ போட்டுட்டுப் போனதுக்கு நீங்க அட்வான்ஸ் குடுக்குறீங்க.

பாக்குற ஆசைதான்னா மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. தஞ்சாவூர் அரண்மனையில தப்பிச்ச ஆயுதம் எழும்பூர் அருங்காட்சியகத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு, தூசி தட்டுற வேலைகூட உங்களுக்கு இல்ல. பேத்தியையும் கூட்டிக்கிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, லீவு.