டிரான்சிட் மாமா

நங்கநல்லூரில் தெருவுக்கு ஒரு கோயில். இரண்டு தெருவுக்கு ஒரு டிரான்சிட் மாமா. ரிடையர் ஆனவர். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில். மொட்டை மாடியில் வடாமுக்குக் காவல் இருந்தபடியே, தலைக்கு மேல் போகும் விமானத்தின் வாலைப் பார்த்து, "தோஹா கிளம்பிட்டான்" என்பார்.

"மாமா, பொண்ணுக்குப் பிரசவம். நியூஜெர்சி போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனையாவது மாதம் என்று கேட்க மாட்டார். "எது வழியா?" என்பார்.

டிக்கெட்டை நீட்டினால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். ஜோசியர் செவ்வாயைத் தேடுகிற மாதிரி, பி.என்.ஆர். ஒன்றா இரண்டா என்று தேடுவார். இரண்டு என்றால் தோஷம்.

"காசு மிச்சம்னு தனித்தனியா போட்டுட்டேள். பெட்டி கடைசி வரைக்கும் தானா போகும்னு என்ன நிச்சயம்? நடுவுல நீங்க எடுக்கணும்னா இமிக்ரேஷன் தாண்டணும். தாண்டணும்னா விசா வேணும். இருக்கோ?"

தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கம் தொடரும்.

"ஷெங்கன்ங்கறது லக்ஸம்பர்க்ல ஒரு குட்டி ஊர். 1985ல அங்கே ஆத்துல படகுல உக்காந்துண்டு ஒப்பந்தம் போட்டா. அதோட பலன் என்ன? ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி, ஆம்ஸ்டர்டாம் போய், அங்கேந்து நியூயார்க் ஏறினேள்னா, ஃப்ராங்க்ஃபர்ட்லயே ஐரோப்பாவுக்குள்ள காலை வெச்சாச்சு. டிரான்சிட் விசா பத்தாது. முழு விசா வேணும்."

"கவுன்ட்டர்ல சிரிச்சுப் பேசி..."

"சிரிப்பெல்லாம் செல்லாது. அந்தப் பொண்ணு உங்க மூஞ்சியைப் பார்க்கமாட்டா, டிமாடிக்கைத்தான் பார்ப்பா. எந்தப் பாஸ்போர்ட்டுக்கு எங்கே என்ன விசான்னு அதுல இருக்கும். பேப்பர் இல்லாதவாளை ஏத்திண்டு போனா ஏர்லைனுக்கே அபராதம்!"

சாப்பாடு நன்றாக இருக்குமா, கால் நீட்ட இடம் உண்டா என்பதெல்லாம் மாமாவுக்குப் பொருட்டல்ல. ஏர்லைன் தேர்வில் அவருக்கு ஆதர்சம் ஊரின் 32 அடி ஆஞ்சநேயர்தான். "மைநாக மலை நடுக்கடல்ல எழுந்து வந்து, உக்காந்துட்டுப் போன்னு உபசாரம் பண்ணித்தே, உக்காந்தாரா? தொட்டுட்டு நேரா போயிட்டார். அதான் நான்-ஸ்டாப். நமக்கு அந்த சக்தி இல்லே. அதனால ஒரே டிக்கெட், ஒரே இறக்கம். அபுதாபி வழியா போங்கோ. அமெரிக்கா இமிக்ரேஷன் அங்கேயே முடிஞ்சுடும். நியூயார்க்ல, தாம்பரம் பஸ்லேந்து இறங்கற மாதிரி பெட்டியை எடுத்துண்டு நடையைக் கட்டலாம்."

"சிங்கப்பூர் வழியா போனா மாமா?"

"பேஷா! அமெரிக்கா விசா இருந்தா, போற வழியில 96 மணி நேரம் ஊரைச் சுத்தலாம். தனி விசா வேண்டாம்."

உள்ளேயிருந்து காபியோடு வந்த மாமி நின்றுவிட்டார்.

"ஏன்னா, போன தடவை 11 மணி நேரம் என்னை கேட் வாசல்லயே உக்காத்தி வெச்சேளே. அப்போ இந்த ரூல் இல்லையா?"

"இருந்தது. ஆனா நாம வெளியில போன நேரம் பார்த்து கேட்டை மாத்திட்டான்னா?"

மாமி டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"நானும் ஏழு தேசம் பார்த்துட்டேன். எந்த தேசத்துல என்ன கலர் கார்ப்பெட்னு கேளுங்கோ, சொல்றேன்."